ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் தங்கம்: கையில் வைப்பதா, காகிதத்தில் வைப்பதா? முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் வசிக்கும், ஓய்வு பெற இன்னும் ஐந்திலிருந்து இருபது வருடம் இருக்கும் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காகிதத் தங்கம் என்று இங்கே சொல்வது கோல்டு இடிஎஃப் (தங்க விலையை ஒட்டி நகரும், பங்குச் சந்தையில் யூனிட்டுகளாக வாங்கி விற்கும் ஃபண்டு), கோல்டு மியூச்சுவல் ஃபண்டு, மத்திய அரசின் தங்கப் பத்திரம் ஆகிய மூன்றை. கையில் வைக்கும் தங்கம் என்றால் நகை, நாணயம், கட்டி.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வாங்குவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்த ஆப் நல்லது, எந்தக் கடையில் சேதாரம் குறைவு, இன்றைக்கு கிராம் என்ன விலை என்று கேட்பார்கள். விற்கப்போகும் நாளைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வரும், சிலருக்கு வருவதே இல்லை. ஆனால் ஓய்வுக்காலத்துக்கு வாங்கும் தங்கம் என்றைக்காவது விற்கத்தான் வாங்கப்படுகிறது. அதனால் கீழே உள்ள படிகள் விற்பதை முதலில் வைத்து, வாங்குவதை ஆறாவது படிக்குத் தள்ளியிருக்கின்றன. இந்த வரிசையிலேயே போங்கள்.

## தொடங்கும் முன் கையில் வேண்டியவை

பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எல்லாரிடமும் இருக்கும். பலரிடம் இல்லாதவை வேறு: வீட்டு நகைகளின் எடைப் பட்டியல், கிடைக்கும் பழைய பில்கள், லாக்கர் இருந்தால் அதன் ஆண்டு வாடகை, பிஎஃப், பிபிஎஃப், டெபாசிட், ஃபண்டு எல்லாம் சேர்த்து ஓய்வுக்காக இருக்கும் மொத்தத் தொகை.

இந்த மொத்தத் தொகை தெரியாமல் இரண்டாவது படியைத் தாண்ட முடியாது. பில்கள் எட்டாவது படியில் வரிக்குத் தேவைப்படும். ஒரு சனி ஞாயிறு ஒதுக்கினால் இதை முடித்துவிடலாம்.

## 1. வீட்டில் இருக்கும் தங்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்

"வீட்டில் 60 பவுன் இருக்கிறது, அப்புறம் என்ன?" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் எதை விற்பீர்கள்? தாலிக்கொடியை விற்க மாட்டார்கள். மகளுக்கென்று எடுத்த ஆரம், மாமியார் போட்ட வளையல், பேரனின் காப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு பழைய சங்கிலியும் ஜோடி தொலைந்த கம்மலும்தான்.

எனவே பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். விற்கவே மாட்டோம் என்பவை, பிள்ளைகளுக்குப் போகப்போகிறவை, தேவை வந்தால் தயங்காமல் விற்பவை. மூன்றாவது மட்டும்தான் ஓய்வுக்காலச் சேமிப்பு. இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் மூன்றாவது குவியல் தப்பாகத்தான் வரும்.

எடை எழுதும்போது கல், அரக்கு, நூல் எடையைக் கழித்து எழுதுங்கள். ஹால்மார்க் இல்லாத பழைய நகையை 22 காரட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-ன் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க்கிங் மையத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

## 2. மொத்தச் சேமிப்பில் தங்கம் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்

என் கணக்கில் 10 சதவீதம் போதும். 15-க்கு மேல் போகவேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தங்கம் வட்டி தராது, வாடகை தராது. ஓய்வு பெற்றவருக்கு மாதாமாதம் பணம் வேண்டும். தங்கத்திலிருந்து பணம் வர ஒரே வழி விற்பது, அந்த நேரத்து விலை நம் கையில் இல்லை. 2012-ல் 10 கிராம் 31,000 ரூபாயை ஒட்டி இருந்த தங்கம் 2015 கடைசியில் 25,000 ரூபாய்ப் பக்கம் இறங்கிக் கிடந்தது. உலகச் சந்தையில் 1980 ஜனவரியில் அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்ட விலை, மறுபடி அந்த உயரத்துக்கு வர 2008 ஆயிற்று. ரூபாயின் மதிப்பு சரிந்ததால் நமக்கு அந்த அடி அவ்வளவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

அரசு முடிவும் விலையை அசைக்கும். 2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்றே பவுன் விலை 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. லாக்கரில் வைத்தவருக்கும் இடிஎஃப் வைத்தவருக்கும் அடி ஒன்றுதான்.

## 3. யார் விற்பார், எப்படி விற்பார் என்று எழுதுங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் பேச்சில் மாறிவிடும்.

முதல் கேள்வி, மொத்தமாக விற்பீர்களா, கொஞ்சம் கொஞ்சமாகவா? வருடத்துக்கு ஒரு லட்சம் எடுப்பதுதான் திட்டம் என்றால் காகிதத் தங்கத்துக்கு ஈடு இல்லை. வேண்டிய யூனிட்டை மட்டும் விற்கலாம். நாணயத்திலும் ஓரளவு முடியும், 8 கிராம், 10 கிராம் என்று சிறிதாக வாங்கியிருந்தால். 100 கிராம் கட்டியை வைத்துக்கொண்டு ஒரு லட்சம் எடுக்க முடியாது.

இரண்டாவது, உங்களுக்கு முடியாமல் போனால் யார் விற்பார்? யூனிட்டுகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கைத் திறந்தே பார்த்திராத மனைவிக்கோ கணவருக்கோ இடிஎஃப் என்பது எங்கோ இருக்கும் ஒரு எண். அதே சமயம் 75 வயதில் தனியாகப் பையில் நாணயத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறுவதும் சுலபமில்லை. துணையாக வர ஆள் இல்லாதவரைக் கடையில் இருப்பவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார், விலையிலும் அது தெரியும்.

மூன்றாவது, அவசரத்துக்கு அடகு வைக்க வேண்டுமா? புதியவர்கள் பலருக்கு இங்கேதான் தகவல் குறைவு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி நகைக்குக் கடன் உண்டு, நாணயத்துக்கு 50 கிராம் வரைதான். கட்டித் தங்கத்தின் பேரில் வங்கிகளோ நிதி நிறுவனங்களோ கடன் தரக் கூடாது. கோல்டு இடிஎஃப், கோல்டு ஃபண்டு யூனிட்டுகளுக்கும் அதே தடை. அரசின் தங்கப் பத்திரத்தை மட்டும் ஈடாக வைக்கலாம்.

இரவில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, காலையில் பணம் கட்டச் சொன்னால் நகை ஒரு மணி நேரத்தில் பணமாகும். இடிஎஃப்-ஐ விற்றால் பணம் அடுத்த வேலை நாளில்தான் வரும், இடையில் சனி ஞாயிறு வந்தால் இன்னும் தள்ளும். ஆனால் இதைக் காரணம் காட்டிப் புதிதாக நகை வாங்க வேண்டாம். முதல் படியில் ஒதுக்கிய விற்க மாட்டாத நகையே அடகுக்குப் போதும்.

## 4. போட்ட பணத்தில் எவ்வளவு தேயும் என்று கணக்குப் போடுங்கள்

முடிவை மாற்றக்கூடிய படி இது. கணக்கு எளிதாக இருக்க 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையைப் போட்டு நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

ஐந்து பவுன் சங்கிலி, அதாவது 40 கிராம். தங்கத்தின் விலை ரூ.4,00,000. சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து 12 சதவீதம் என்றால் ரூ.48,000. இரண்டின் மேலும் ஜிஎஸ்டி 3 சதவீதம், ரூ.13,440. பில் தொகை ரூ.4,61,440. அடுத்த நாளே விற்கப்போனால் சேதாரம், கூலி, ஜிஎஸ்டி எதுவும் திரும்பாது. தங்கத்தின் மதிப்பிலும் கடைக்காரர் 2 சதவீதம் கழித்தால் கையில் வருவது ரூ.3,92,000. போட்ட பணம் திரும்பவே விலை கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏற வேண்டும்.

அதே எடைக்கு நாணயம் வாங்கி, கூலி 2 சதவீதம் என்றால் பில் ரூ.4,20,240. விற்கும்போது அதே ரூ.3,92,000 கிடைத்தால் தேய்மானம் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முறை கொடுத்தால் முடிந்தது.

இடிஎஃப்-ல் வாங்கும்போது ஜிஎஸ்டி, கூலி என்று தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம், தரகும் சொற்பம். இதைப் பார்த்துவிட்டு "காகிதத்தில் செலவே இல்லை" என்று முடிவுக்கு வருவது அடிக்கடி நடக்கும் பிழை. ஃபண்டு நிறுவனம் நிர்வாகச் செலவை வருடா வருடம் யூனிட் மதிப்பிலேயே கழித்துக்கொள்ளும். வருடத்துக்கு 0.6 சதவீதம் என்று வைத்தால் 15 வருடத்தில் எட்டரை சதவீதத்துக்கு மேல் கரைந்திருக்கும். நாணயத்தின் தேய்மானத்தைவிட இது அதிகம்!

அப்படியானால் நாணயம்தான் மேலா? அதை லாக்கர் வாடகை தீர்மானிக்கும். நாணயத்துக்கென்றே புதிதாக லாக்கர் எடுத்து, வருடம் 3,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டினால் 15 வருடத்தில் ரூ.53,100 போகும். நாலு லட்சம் ரூபாய்த் தங்கத்துக்கு அது 13 சதவீதம். ஏற்கெனவே வீட்டு நகைக்காக லாக்கர் இருந்து, அதில் இடமும் இருந்தால் அந்தச் செலவு பூஜ்ஜியம்.

இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: லாக்கர் இருப்பவர், பத்து வருடத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்பவர் நாணயத்தைத் தாராளமாக யோசிக்கலாம். லாக்கர் இல்லாதவருக்கும், ஏழெட்டு வருடத்தில் எடுக்கப்போகிறவருக்கும் இடிஎஃப்.

## 5. ஒத்துவராத வடிவங்களைத் தள்ளுங்கள்

நகை. மேலே கணக்கு போட்டாயிற்று. ஆசைக்கு வாங்குங்கள், ஓய்வுக்காலக் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைகளின் நகைச்சீட்டு. பெரும்பாலும் 11 மாதமாக இருப்பது ஏன் தெரியுமா? நிறுவனச் சட்டத்தின் டெபாசிட் விதிகளில், முன்பணமாக வாங்கியதை 365 நாளுக்குள் சரக்காகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது. முடிவில் கைக்கு வருவதும் நகைதான்.

ஆப்களில் வாங்கும் டிஜிட்டல் கோல்டு. இது தன் கண்காணிப்புக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி போகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வேறு. பத்து ரூபாய்க்கும் வாங்கலாம் என்பதற்காகப் பதினைந்து வருடச் சேமிப்பை அங்கே வைக்க வேண்டாம்.

வங்கியில் தங்கத்தையே டெபாசிட் செய்யும் திட்டத்தின் நடுத்தர, நீண்டகாலப் பிரிவுகளை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

தங்கப் பத்திரத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இன்னமும் "பத்திரம் வாங்கலாமா?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியில், கிராம் ரூ.6,263-க்கு. அதன்பின் புதிதாக வரவில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அது பொக்கிஷம். வெளியீட்டு விலை மேல் வருடம் 2.5 சதவீத வட்டி வருகிறது, எட்டாவது வருடம் அன்றைய தங்க விலை கிடைக்கும். 2015 நவம்பரில் ரூ.2,684-க்கு வந்த முதல் பத்திரத்துக்கு 2023-ல் ரூ.6,132 கொடுத்தார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதில் பதிவான வங்கிக் கணக்கு இன்றும் இயங்குகிறதா என்று பாருங்கள். எட்டு வருடத்தில் கணக்கை மூடியவர்கள் நிறைய.

பழைய பத்திரங்களைப் பங்குச் சந்தையில் வாங்கலாமா? பல வரிசைகளில் வியாபாரம் மிகக் குறைவு. முதிர்வில் வரி இல்லை என்பதுதான் முன்பு பெரிய ஈர்ப்பு. 2026 பட்ஜெட்டில் அந்த விலக்கை, முதல் வெளியீட்டிலேயே வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு மட்டும் என்று குறுக்கிவிட்டார்கள். "வரியே இல்லை" என்று பழைய வீடியோவில் சொல்வதை நம்பிச் சந்தையில் வாங்காதீர்கள்.

ஆக மிஞ்சுவது மூன்று: நாணயம், இடிஎஃப், ஃபண்டு. டீமேட் கணக்கு இருந்து, இயக்கவும் தெரிந்தால் இடிஎஃப். டீமேட் வேண்டாம், மாதாமாதம் தானாகப் போக வேண்டும் என்றால் ஃபண்டு. ஃபண்டு தன் பணத்தை இடிஎஃப்-ல்தான் போடும் என்பதால் இரண்டின் செலவும் உங்கள் தலையில் விழும், வசதிக்கு அது விலை. கலந்து வைப்பதும் தவறில்லை. ஆனால் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று சிதற வேண்டாம், பின்னால் கணக்குப் பார்ப்பவருக்குத் தலைவலி.

## 6. வாங்குங்கள்

இடிஎஃப் என்றால் தினசரி வியாபாரம் அதிகமாகவும் நிர்வாகச் செலவு குறைவாகவும் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். செலவு சொற்பமாக இருந்து, வாங்க விற்க ஆளில்லாத இடிஎஃப்-ல் மிச்சம் பிடித்ததெல்லாம் விலை இடைவெளியில் போய்விடும். ஆர்டர் போடும் முன் அந்த நேரத்து யூனிட் மதிப்பை ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். சந்தை விலை அதைவிட வெகுவாக மேலே இருந்தால் அன்றைக்கு விடுங்கள். எப்போதும் லிமிட் ஆர்டர்தான், அதாவது இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே விலை குறித்துப் போடுவது. மார்க்கெட் ஆர்டர் போட்டால் வியாபாரம் குறைந்த நேரத்தில் கேட்ட விலையைக் கொடுக்க நேரும்.

ஃபண்டு என்றால் முகவர் இல்லாமல் ஃபண்டு நிறுவனத்திடமே வாங்கும் டைரக்ட் பிளான் எடுங்கள், தரகுக் கமிஷன் மிச்சம்.

நாணயம் என்றால் 8 அல்லது 10 கிராம். ஒரு கிராம், அரை கிராம் நாணயங்களில் கூலி விகிதம் கூடுதல். அட்சய திருதியைக்கு ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்க வேண்டும் என்பது வீட்டு வழக்கமானால் செய்யுங்கள், அதை முதலீடு என்று எழுதாதீர்கள். வங்கியில் நாணயம் வாங்குபவர்கள், வங்கி அதைத் திரும்ப வாங்காது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். திரும்ப வாங்கும் கடையில் வாங்கி, அதன் நிபந்தனையைப் பில்லிலேயே எழுதி வாங்குவது மேல். சீல் வைத்த உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மறுபடி பரிசோதனை, மறுபடி கழிவு.

இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதி இல்லை. பில் வேண்டாம், ஜிஎஸ்டி இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் மூன்று சதவீதம் மிச்சம் பிடித்தால், விற்கும் நாளில் வாங்கிய விலைக்கு ஆதாரம் இருக்காது.

## 7. பெயர், நாமினி, சாவி

லாக்கரில் வைத்தால் வங்கி முழுப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகைக்கு மூன்று லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சேதத்துக்கு அதுவும் இல்லை.

லாக்கரைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைத்து நாமினியும் எழுதுங்கள். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை எழுதலாம், லாக்கருக்கு ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்ற வரிசையில்.

டீமேட்டிலும் நாமினி வேண்டும். கணக்கில் இருப்பதன் மதிப்பு நாலு லட்சத்துக்குள் என்றால், அடிப்படைச் சேவை டீமேட் கணக்காக வைத்தால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. ஒருவருக்கு ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நாமினி என்பவர் வாங்கி வைக்கும் கை மட்டும்தான். சொத்து யாருக்கு என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ சொல்லும். பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் உயில் எழுதிவிடுங்கள்.

## 8. வரி

நாணயம், நகை, கட்டி, கோல்டு ஃபண்டு: 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். கோல்டு இடிஎஃப்: 12 மாதத்துக்கு மேல் வைத்தால் அதே 12.5 சதவீதம். அதற்கு முன் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அதற்கான விகிதத்தில் வரி.

அம்மா கொடுத்த நகையை விற்றால், அம்மா வாங்கிய விலைதான் உங்கள் வாங்கிய விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்றவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வேறு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று கேட்டு, "என் பென்ஷன் ஆறு லட்சம்தான், தங்கத்தை விற்றாலும் வரி வராது" என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தள்ளுபடி 12.5 சதவீத வரி போடப்படும் லாபத்துக்குப் பொருந்தாது. பென்ஷனுக்கு வரி இல்லாமல் போகலாம், தங்க லாபத்துக்குக் கட்டியாக வேண்டும்.

இன்னொன்று, திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று சொல்லப்படும் அளவுகள். இவை 1994-ல் வருமான வரிச் சோதனையின்போது நகையைப் பறிமுதல் செய்வது பற்றி அதிகாரிகளுக்குக் கொடுத்த வழிகாட்டல். வைத்திருக்கக்கூடிய உச்சவரம்பு அல்ல. கணக்குக் காட்ட முடிந்தால் எவ்வளவும் வைத்திருக்கலாம்.

## 9. எடுக்கும் காலம்

ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பே தொடங்குங்கள். வருடத்தில் ஒரு தேதியை வைத்துக்கொண்டு, மொத்தத்தில் தங்கத்தின் பங்கு இரண்டாவது படியில் எழுதிய அளவைத் தாண்டியிருந்தால் தாண்டியதை மட்டும் விற்று டெபாசிட்டுக்கோ முதியோர் சேமிப்புத் திட்டத்துக்கோ மாற்றுங்கள். விலை ஏறிய வருடத்தில் தானாகவே அதிகம் விற்பீர்கள், இறங்கிய வருடத்தில் ஒன்றும் விற்க மாட்டீர்கள். இன்னும் ஏறும் என்று காத்திருப்பவர்களைவிட இப்படிச் செய்பவர்கள் நிம்மதியாக இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

காகிதமும் நாணயமும் இரண்டும் இருந்தால், துணைக்கு ஆளும் உடம்பில் தெம்பும் இருக்கும்போதே நாணயத்தை முதலில் விற்றுவிடுங்கள். இடிஎஃப்-ஐ எண்பது வயதில் வீட்டில் உட்கார்ந்தபடியே விற்கலாம்.

கடையில் விற்கும்போது முதலில் கேட்க வேண்டியது, பணமாகக் கொடுத்தால் என்ன விலை என்பது. பல கடைகள் சொல்லும் நல்ல விலை வேறு நகைக்கு மாற்றிக்கொண்டால்தான். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு, வாங்கிய பில்லோடு போங்கள். எடை போடுவதும் காரட் மீட்டரில் பார்ப்பதும் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். உருக்கிப் பார்க்க வேண்டும் என்றால் உருக்கும் முன் எடையையும் பின் எடையையும் எழுதி வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்குக்கே வரட்டும், விற்ற ரசீதையும் வாங்கிய பில்லையும் சேர்த்துப் பின் போட்டு, அந்த வருட வருமான வரிக் கோப்பில் வையுங்கள்.